அடைப்பு எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டால் போதாது

திருகோணமலையில் ஒருவருக்கு அஞ்சியோகிராம், அதாவது இதயக் குழாய்களின் அடைப்பைப் பார்க்கும் படம், எடுத்தார்கள் என்று தெரிந்தால், நலம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "எத்தனை அடைப்பு? எத்தனை வீதம்?" அப்பாவுக்குச் செய்தபோதும் வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். ஆனால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை என்று கடைசியில் முடிவு செய்தது வேறொரு எண். இதய இரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பைத் தாண்டிய பிறகு இரத்த அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று அளந்து எடுத்த எண் அது. எஃப்.எஃப்.ஆர். என்பார்கள். இப்படி ஒரு அளவீடு இருக்கிறது என்றே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்பார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா தம்பலகாமத்து விவசாயி. இப்போது எங்களோடு உவர்மலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போவார். பிரட்றிக் கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி, அந்த ஏற்றத்தில் நடந்தே போனால்தான் அவருக்குக் கோயிலுக்குப் போன மாதிரி. பாதி ஏற்றத்தில் நெஞ்சை யாரோ அமத்துவது போல வரத் தொடங்கியது. மான்கள் நிற்கிற மரநிழலில் கொஞ்சம் இருந்தால் போய்விடும். மறுபடி நடந்தால் மறுபடி வரும். "ஒண்டுமில்ல பிள்ள, வாய்வு" என்று சொல்லி இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாதான் கவனித்தார்: சாப்பிட்ட பிறகு வராமல் ஏறும்போது மட்டும் வருகிற வாய்வு என்ன வாய்வு?

அம்மா பிடித்தது சரியான இடம். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் விடுகிற அமத்தல் இதயத்துக்கு இரத்தம் போதாததன் பழைய அடையாளம். ஆறுதலாகப் படுக்க வைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை, எக்கோவும் நன்றாக இருந்தது. ஓடவிட்டு எடுத்த ஈசிஜியில்தான் மாற்றம் தெரிந்தது. கொழும்புக்குப் போய் அஞ்சியோகிராம் செய்வது என்று முடிவாயிற்று.

முதலில் போன ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள், வலியில்லாமல் முடிந்தது. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயில் 60 வீதம், பக்கவாட்டில் சுற்றிப்போகும் குழாயில் 75 வீதம் அடைப்பு. வலது குழாயில் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா மேசையில் படுத்திருக்கும்போதே தம்பியை உள்ளே கூப்பிட்டு, இரண்டு ஸ்டென்ட் (ஒடுங்கிய குழாயை விரித்துப் பிடிக்கும் சிறிய உலோக வலைக்குழாய்) போட வேண்டும், இப்போதே கையெழுத்து வையுங்கள் என்றார்கள். எல்லாம் ஆங்கிலமும் சிங்களமும். தம்பிக்கு இரண்டும் ஓரளவு வரும். "அப்பாவுக்கு இப்போது நோவு இல்லைதானே, அவரிடமும் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லி, அறிக்கையையும் சீடியையும் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் அவசரப்படாமல் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மாரடைப்பு வரவில்லை. யோசிக்க நேரம் இருந்தது அதனால்தான். நெஞ்சு நோவு ஓய்வெடுத்தும் விடாமல், வியர்த்து, கைக்கோ தாடைக்கோ பரவினால் அங்கே அளவீடும் இல்லை, இரண்டாவது கருத்தும் இல்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முழுதாக அடைத்துக்கொண்ட குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத்தசை பிழைக்கும். நான் எழுதுவது நாட்பட்ட, ஒரே மாதிரி வந்து போகிற நெஞ்சு அமத்தல் பற்றி மட்டும்.

இரண்டாவதாகப் பார்த்த இதய டொக்டர் தமிழர். சீடியைப் போட்டு இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "படத்தை வைத்து ஸ்டென்ட் வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அளந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் ஐயா" என்றார். அஞ்சியோகிராம் என்பது மையை விட்டு எடுக்கிற நிழற்படம். குழாயின் உட்புறம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று காட்டும். அந்த ஒடுக்கத்தைத் தாண்டி எவ்வளவு இரத்தம் போகிறது என்று காட்டாது. ஒடுக்கம் எவ்வளவு நீளம், அந்தக் குழாய் எவ்வளவு தசைக்கு இரத்தம் கொடுக்கிறது, பக்கத்துக் குழாய்களில் இருந்து உதவி வருகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஓட்டத்தை முடிவு செய்கின்றன. 60, 75 என்பதும் பெரும்பாலும் கண்மதிப்பு. ஒரே படத்தை இரண்டு டொக்டர்கள் பார்த்தால் இரண்டு எண் சொல்வதுண்டு.

"அப்ப சும்மா இருக்கேக்க ஏன் நோகல்ல?" என்று அப்பா கேட்டார். ஆறுதலாக இருக்கும்போது இதயத்துக்கு வேண்டிய இரத்தம் குறைவு, ஒடுங்கிய குழாயே அதைக் கொடுத்துவிடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அப்பா உடனே பிடித்துக்கொண்டார்: "கந்தளாய்க் குளத்துத் தண்ணி மாதிரி. வயல் ஈரமா இருக்கேக்க மதகு அரைவாசி திறந்தாலும் காணும். எல்லாரும் ஒரே நேரம் தண்ணி கேட்டாத்தான் காணாதெண்டு தெரியும்." டொக்டர் சிரித்துக்கொண்டே, இதைத்தான் நான் மாணவர்களுக்குப் படம் கீறிக் காட்டுகிறேன் என்றார்.

அமெரிக்க டொக்டர் லான்ஸ் கூல்ட் 1974இல் விலங்குகளில் செய்து காட்டியதும் அதையேதான். ஓய்வில் இருக்கும்போது குழாய் ஏறத்தாழ 85 வீதம் ஒடுங்கும்வரை ஓட்டம் குறையவில்லை. ஆனால் உச்ச ஓட்டம், அதாவது இதயம் முழு வேகத்தில் கேட்கும்போது கிடைக்கக்கூடிய ஓட்டம், 30 முதல் 45 வீத ஒடுக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் உச்ச ஓட்டத்தை உண்டாக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மேசையில் படுத்திருப்பவரை ஏற்றத்தில் நடக்கவிட முடியாது; அதற்குப் பதிலாக அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து இதயத்தின் நுண்குழாய்களை முழுதாக விரிய வைக்கிறார்கள். 1990களில் நெதர்லாந்தின் நிக்கோ பெய்ல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி ப்ரூய்ன் ஆகியோர் இதை அன்றாடச் சிகிச்சையில் பயன்படுகிற முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

கணக்கு எளிது. அடைப்புக்கு முன்னால் உள்ள சராசரி அழுத்தத்தால், அடைப்புக்குப் பின்னால் உள்ள சராசரி அழுத்தத்தை வகுக்க வேண்டும். அடைப்பே இல்லாவிட்டால் 1.00. விடை 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு இதயத்தைப் பட்டினி போடுகிறது என்று எடுப்பார்கள். அதற்கு மேலே என்றால் மருந்தோடு விடலாம். 0.75க்கும் 0.80க்கும் இடைப்பட்டது சாம்பல் பகுதி. அங்கே நோயாளியின் நோவையும் மற்றச் சோதனைகளையும் சேர்த்துத்தான் முடிவு. 0.74 என்றால், ஆரோக்கியமாக இருந்தால் அந்தக் குழாயில் போகக்கூடிய உச்ச ஓட்டத்தில் 74 வீதம்தான் போகிறது என்று பொருள்.

சரி, அப்பாவுக்கு இப்படி அளந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாளே தாதி கண்டிப்பாகச் சொன்னார்: தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேற் எதுவும் கூடாது. அப்பாவுக்கு விடிய எழும்பியதும் ஒரு பிளேன்டீ இல்லாவிட்டால் நாள் தொடங்காது; அன்று வெறும் தண்ணீரோடு இருந்தார். காரணம் உண்டு. அடினோசின் வேலை செய்கிற இடத்தை கஃபீன் மறித்துவிடும். நுண்குழாய்கள் முழுதாக விரியாவிட்டால், அடைப்பு உண்மையில் இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். தொய்வு, முட்டு வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அடினோசின் அவர்களுக்கு மூச்சை இறுக்கலாம். முட்டுக்கு தியோபிலின் குளிசை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கஃபீனைப் போலவே அதுவும் மருந்தை மறிக்கும்.

கம்பியின் தடிப்பு 0.36 மில்லிமீற்றர். நுனிக்குப் பக்கத்தில் அழுத்தத்தை உணரும் கருவி இருக்கிறது. அதைக் குழாயின் வாயில் வைத்து முதலில் இரண்டு அழுத்தமும் ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அடைப்பைத் தாண்டி உள்ளே விடுவார்கள். அப்பா முழு நினைவோடு இருந்தார். மருந்து ஏறியதும் முகம் சுட்டது, மூச்சு வாங்கியது, "கோட்டை ஏற்றத்தில வாற அதே அமத்தல்" வந்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை. மருந்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இதைச் செய்யப் போகிறார்கள் என்றால் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். தெரியாமல் போனால், மேசையிலேயே மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்து நடுங்கிவிடுவார்கள்.

முடிந்த பிறகு டொக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் பதிவைக் காட்டினார். சிவப்புக் கோடு பெருநாடியின் அழுத்தம், பச்சைக் கோடு அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தம். தொடக்கத்தில் இரண்டும் ஒட்டினாற்போல ஓடின. மருந்து ஏற ஏறப் பச்சைக் கோடு சிவப்பை விட்டு விலகிக் கீழே இறங்கி, ஒரு மட்டத்தில் நின்றது. முன்பக்கக் குழாயில் சிவப்பு 96, பச்சை 71. விடை 0.74. சுற்றிப்போகும் குழாயில் 92, 81. விடை 0.88.

திரும்பப் படியுங்கள். படத்தில் 75 வீதம் என்று பயமுறுத்திய அடைப்பு 0.88. அது இரத்த ஓட்டத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. 60 வீதம் என்று சாதுவாக இருந்த முன்பக்க அடைப்புத்தான் அப்பாவை ஏற்றத்தில் நிறுத்தியது. முன்பக்கக் குழாய் இதயத்தின் பெரும்பகுதித் தசைக்கு இரத்தம் கொடுப்பது. அதில் நடுத்தர ஒடுக்கமே போதும்.

கம்பியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தும் பார்த்தார்கள். பச்சைக் கோடு ஓரிடத்தில் சட்டென்று மேலே ஏறியது. அழுத்தம் விழுவது அந்த ஓரிடத்தில்தான் என்று அர்த்தம், அதனால் ஸ்டென்ட் பிரயோசனப்படும். குழாய் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் கொழுப்பு நீளத்துக்குப் படர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே ஒரு ஸ்டென்ட் போட்டு அதிகம் ஆகப் போவதில்லை. அப்பாவுக்கு முன்பக்கக் குழாயில் ஒரு ஸ்டென்ட் போட்டார்கள். போட்ட பிறகு மறுபடி அளந்தார்கள்: 0.91.

ஊருக்கு வந்ததும் பெரிய பிரச்சினை சொந்தக்காரர்கள்தான். "75 வீத அடைப்பை விட்டுட்டா வந்தீங்க?" என்று மாமா அதிர்ந்துபோனார். அக்கறையில்தான் கேட்டார், ஆனால் அப்பாவின் முகம் வாடிவிட்டது. அன்றிரவு டொக்டர் சொன்னவற்றை வைத்துத் தேடிப் படித்து, எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னேன். டிஃபர் என்ற ஆய்வில் 325 பேரைச் சேர்த்தார்கள். அளந்து பார்த்ததில் 0.75 அல்லது அதற்கு மேல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பலூனாலோ ஸ்டென்டாலோ குழாயைத் திறக்கும் சிகிச்சை செய்தார்கள், மறு பகுதியினருக்குச் செய்யாமல் மருந்தோடு விட்டார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. மாரடைப்பு, செய்தவர்களில் 10 வீதம், விட்டவர்களில் 2.2 வீதம். தேவையில்லாத ஸ்டென்ட் வெறும் வீண்செலவு மட்டும் இல்லை. உலோகத்தைக் குழாய்க்குள் வைத்த பிறகு அது அடைபடும் ஆபத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

2009இல் வந்த ஃபேம் ஆய்வு இன்னும் பெரியது. ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு உள்ள 1005 பேர். படத்தைப் பார்த்து மட்டும் ஸ்டென்ட் போட்டவர்களுக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், அளந்து போட்டவர்களுக்கு 1.9. ஒரு வருடத்துக்குள் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை எல்லாம் சேர்த்து முதற் பிரிவில் 18.3 வீதம், அளந்த பிரிவில் 13.2 வீதம். அதே ஆய்வின் இன்னொரு கணக்கை மாமாவுக்கு இரண்டு தடவை சொன்னேன்: படத்தில் 71 முதல் 90 வீதம் வரை தெரிந்த அடைப்புகளில் ஐந்தில் ஒன்று, அளந்தபோது ஓட்டத்தைக் கெடுக்காதவை. 50 முதல் 70 வீதம் வரை தெரிந்தவற்றில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் ஓட்டத்தைக் கெடுப்பவை. அப்பா இந்த இரண்டு கூட்டத்திலும் இருந்தார்.

இதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கவும் கூடாது. மூன்று பெரிய குழாய்களிலும் நோய் உள்ளவர்களிடம், அளந்து ஸ்டென்ட் போடுவதைப் பைபாஸ் சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்ட ஃபேம் 3 ஆய்வு 2022இல் வந்தது. ஒரு வருட முடிவில் பைபாஸ்தான் முன்னால் நின்றது: பாதிப்புகள் 6.9 வீதம், ஸ்டென்ட் பக்கம் 10.6 வீதம். அதனால் பைபாஸ் வேண்டும் என்று சொன்னவர்கள் பயத்தில் அதைத் தட்டிக்கழிக்க இந்த அளவீட்டைத் தேடி ஓடக் கூடாது. அதேபோல், நிலையான நெஞ்சுநோவில் ஸ்டென்ட் நோவைக் குறைக்கும், நடக்க வைக்கும். ஆயுளைக் கூட்டும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 5179 பேரைச் சேர்த்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானபோது, நல்ல மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் உடனே அஞ்சியோகிராம், ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும் இறப்பு ஏறத்தாழ ஒரே அளவுதான்.

கொழும்புக்கோ வேறெங்கோ அஞ்சியோகிராமுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அளக்கும் பேச்சை மேசைக்குப் போக முன்னரே எடுங்கள் என்பதுதான். அஞ்சியோகிராம் செய்யும் அதே வழியாகவே கம்பியையும் விடலாம். அன்றே கேட்டிருந்தால் இன்னொரு தடவை குத்தத் தேவையில்லை. "நடுத்தர அடைப்பு வந்தால் எஃப்.எஃப்.ஆர். பார்ப்பீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். கம்பி ஒருமுறை மட்டும் பயன்படுவது, விலை கூடியது. அங்கே கையிருப்பில் இருக்கிறதா, செலவு யாருடையது என்றும் அப்போதே கேளுங்கள். சில இடங்களில் அடினோசின் இல்லாமல் ஓய்வு நிலையிலேயே அளக்கும் ஐ.எஃப்.ஆர். முறை இருக்கும். அதில் எல்லைக்கோடு 0.89. 2017இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒரு வருட முடிவில் அது எஃப்.எஃப்.ஆரை விடக் குறைந்ததாக இல்லை என்று தெரிந்தது. முட்டு வருத்தக்காரருக்கு அது வசதி.

மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அடைப்புக்கும் நோவுக்கும் சிங்களத்தில் பேசத் தெரிந்தாலும், சம்மதக் கடிதத்தில் எழுதியிருப்பதை வாசித்து அப்பா அம்மாவுக்கு நிதானமாகச் சொல்லக்கூடியவராக இருப்பது முக்கியம். வரும்போது சீடி, அறிக்கை, அளந்த எண்கள் எழுதிய துண்டு மூன்றையும் வாங்கி வாருங்கள். எங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 0.74, 0.88, 0.91 மூன்றையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறோம். இங்கே புதிதாக வருகிற டொக்டர் யாராக இருந்தாலும் அதைப் பார்த்தால் கதை முழுதும் விளங்கும்.

ஸ்டென்ட் போடாமல் விட்ட குழாயைச் சும்மா விட்டதாக எண்ண வேண்டாம். அதற்கான சிகிச்சை கொழுப்பைக் குறைக்கும் குளிசை, பிரஷர், சீனி இரண்டையும் கட்டுக்குள் வைப்பது, புகைத்தலை விடுவது. அப்பா வெற்றிலையோடு போடுகிற புகையிலையையும் விட்டார். மிகவும் கஷ்டப்பட்டுத்தான் விட்டார். ஸ்டென்டுக்காகக் கொடுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளொப்பிடோகிரல் குளிசையை, நிலையான நெஞ்சுநோவுக்குப் போட்டவர்கள் பொதுவாக ஆறு மாதமும் மாரடைப்பு வந்தவர்கள் ஒரு வருடமும் எடுக்க வேண்டியிருக்கும். இடையில் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் அப்பாவிடம் அதைச் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. இதய கிளினிக்கில் கேட்டோம், பல்லைத் தள்ளிப்போடச் சொன்னார்கள்.

கடைசியாக மூதூரில் இருக்கிற சின்னம்மாவைப் பற்றி. அவருக்கும் நெஞ்சு அமத்தல், அஞ்சியோகிராம் செய்தார்கள், குழாய்கள் சுத்தம். "ஒண்டுமில்ல, மனக்கவலை" என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். நோவு போகவில்லை. அப்பாவின் டொக்டரிடம் சின்னம்மாவைப் பற்றிக் கேட்டேன். பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்றார். படத்தில் தெரிகிற பெரிய குழாய்களுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன. கோளாறு அவற்றில் இருந்தால் அஞ்சியோகிராம் சுத்தமாக வரும், எஃப்.எஃப்.ஆரும் நன்றாக வரும். அங்கே அளக்க வேண்டியது வேறு. அதே மாதிரிக் கம்பியால், கொஞ்சம் உப்புக் கரைசலைச் செலுத்தி, அது போய்ச் சேரும் நேரத்தை வைத்து, ஓட்டம் எத்தனை மடங்கு கூட முடிகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மடங்குக்கும் குறைவென்றால் கோளாறு. நுண்குழாய்களின் தடையும் ஒரு எண்ணாக வரும். 25க்கு மேல் போனால் அது கூடுதல். காரணம் தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம்.

சின்னம்மா இப்போது ஒரு சிறிய கொப்பி வைத்திருக்கிறார். எப்போது நோகிறது, என்ன வேலை செய்யும்போது, எத்தனை நிமிடம், நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசைக்குக் கேட்கிறதா என்று எழுதுகிறார். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன்.